முகப்பு ஏடு: கோப்பு பகிரும் அமைப்புகளும் குழுக்களும்

(தூத்துக்குடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த அவையில் அமர்ந்திருப்பவர்களில், சென்ற ஒரு வாரத்துக்குள் யாரிடமிருந்தும் ஒரு பிடிஎஃப் வந்து சேராதவர்கள் அநேகமாக இருக்க மாட்டீர்கள். ஒரு பழைய நாவல், போட்டித் தேர்வுக் குறிப்பு, திருவிழா அழைப்பிதழ், கடற்கரையில் மீனவர் யாரோ பாடிய அம்பாப் பாட்டு, துறைமுகத்தின் கறுப்பு வெள்ளைப் படம் என்று ஏதாவது ஒன்று வந்திருக்கும். அதை நீங்களும் நாலு பேருக்கு அனுப்பியிருப்பீர்கள். இப்படிக் கோப்பு பகிர்ந்துகொள்பவர்கள் இரண்டு விதமாகத் திரள்கிறார்கள். விதி வகுத்துக்கொண்டு, எண் கொடுத்து, பிழை திருத்தி, சேமித்து வைத்துப் பகிரும் அமைப்புகள் ஒருபக்கம். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் கைக்குக் கிடைத்ததைக் கைமாற்றிவிடும் கூட்டம் இன்னொரு பக்கம். இவை இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒன்று சட்டப்படியானது, மற்றது திருட்டு என்று பிரிப்பது வழக்கம். அந்தப் பிரிவு தேவைதான். ஆனால் அதற்கும் முந்திய கேள்வி ஒன்று இருப்பதாக நான் நினைக்கிறேன். ஒரு கோப்பு உங்கள் கைக்கு வரும்போது அதன் வரலாறும் கூடவே வருகிறதா? இது எந்தப் பதிப்பு, யார் தட்டச்சு செய்தார், யார் திருத்தினார், மூலப்பிரதி யாரிடம் இருக்கிறது, பரப்ப யார் அனுமதி கொடுத்தார், நாளைக்கும் இதே இடத்தில் கிடைக்குமா? இந்தக் கேள்விகளுக்கு விடை உள்ள கோப்பும் விடை இல்லாத கோப்பும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். பத்து ஆண்டு கழித்து ஒன்று ஆதாரமாக நிற்கும், மற்றது யாருக்கும் பயன்படாது.

இந்தக் கவலை தமிழுக்குப் புதிதல்ல. அதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடுகளைத் தேடி ஆழ்வார்திருநகரிக்கு வந்தார். கவிராயர்கள் வீடுவீடாக ஏடு வைத்திருந்த ஊர் அது. இலக்குமண கவிராயரின் உதவியால், அவருடைய உறவினரான தேவர்பிரான் கவிராயர் வீட்டிலிருந்து அவர் தேடியது கிடைத்தது. 1889இல் பத்துப்பாட்டு, நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேறியது. கொற்கை முத்தின் புகழ் பேசும் மதுரைக்காஞ்சியும் அதில் ஒன்று. ஐயரவர்கள் பதிப்புகளின் முகவுரையைப் படித்துப் பாருங்கள். எந்த ஊரில் யார் பிரதி உதவினார், எது முழுமை, எது குறைப்பிரதி என்று பெயர் சொல்லி எழுதியிருப்பார். ஏடு கொடுத்தவரின் பெயர் நூலோடு சேர்ந்தே அச்சானது. அந்தக் கவிராயர் வீடுகளைப் போல நூற்றுக்கணக்கான வீடுகளில் ஏடுகள் கைமாறிக் கைமாறி வந்ததும், படி எடுத்தவர்கள் இரவல் கொடுத்ததும் முறைசாராப் பகிர்வுதான். அது இல்லாவிட்டால் ஐயருக்கு ஏடே இருந்திருக்காது. ஐயர் இல்லாவிட்டால் அந்த வீட்டுக்காரர் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது.

இணையத்தில் இதே வேலையைத் தொடங்கிய முதல் பெரிய தமிழ் அமைப்பு மதுரைத் திட்டம். 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரமும், அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ச்சுனனும் முன்னின்று தொடங்கினார்கள். சம்பளம் கிடையாது, அலுவலகம் கிடையாது. உலகத்தின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் மாலையில் வேலை முடிந்து வந்து சங்க இலக்கியத்தையும் திருமுறைகளையும் பிரபந்தங்களையும் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள். யூனிகோடு பரவாத காலம் அது. தொடக்கக் கோப்புகள் மயிலை, இணைமதி எழுத்துருக்களில் இருந்தன. அந்த மயிலை எழுத்துருவை உருவாக்கியவரும் கல்யாணசுந்தரம்தான். பிறகு திஸ்கிக் குறிமுறை வந்தது, அதற்குப் பிறகு யூனிகோடு. ஒவ்வொரு முறையும் கோப்புகளைப் புது முறைக்கு மாற்றினார்கள். அதே காலத்தில் எத்தனையோ தனிமனிதர்கள் ஆசையோடு தட்டச்சு செய்து நண்பர்களுக்கு அனுப்பிய கோப்புகள், எழுத்துரு வழக்கொழிந்ததும் திறந்தால் புரியாத குறிகளாக நிற்கின்றன. உழைப்பு இருவருக்கும் ஒன்றுதான். மாற்றி எழுத மறுநாளும் ஓர் ஆள் இருந்தது ஓரிடத்தில் மட்டும்.

மதுரைத் திட்டக் கோப்பு ஒன்றைத் திறந்தால் நூலுக்கு முன்னால் ஒரு முகப்பு ஏடு வரும். நூலின் பெயர், ஆசிரியர் பெயர், மூலப்பிரதி தந்தவர், தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகிய விவரங்களுக்கு அங்கே இடம் உண்டு. அதற்குக் கீழே ஒரு நிபந்தனை. இந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பரப்பலாம், ஆனால் இந்த முகப்பு ஏட்டை நீக்காமல் பரப்ப வேண்டும். அவர்கள் கேட்ட விலை அவ்வளவுதான். நமக்கு வாட்ஸ்அப்பில் வரும் திருமுறை, பிரபந்தப் பிடிஎஃப்களில் எத்தனையோ அந்தத் தட்டச்சிலிருந்து பிறந்தவை. அவற்றில் முதலில் காணாமல் போனது அந்த ஒரு பக்கம். வெட்டியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. பாட்டு மட்டும் போதும் என்று நினைத்திருப்பார். ஆனால் பாட்டில் ஒரு சீர் பிழையாக இருந்தால் யாரிடம் சொல்வது, திருந்திய கோப்பு எங்கே இருக்கிறது என்ற வழி அந்தப் பக்கத்தோடு போய்விட்டது. பிழை மட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கிறது.

விக்கிப்பீடியாவின் உறவுத் தளமான விக்கிமூலத்தில் இந்தக் கணக்கை இன்னும் நுணுக்கமாக வைக்கிறார்கள். திரையில் ஒருபாதியில் அச்சுப் பக்கத்தின் படம், மறுபாதியில் தட்டச்சான எழுத்து. மெய்ப்புப் பார்க்காத பக்கத்துக்குச் சிவப்பு, ஒருவர் படித்துத் திருத்தியதும் மஞ்சள், இரண்டாவது ஆள் சரிபார்த்ததும் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது, மென்பொருள் விடாது. யார், எந்த நாள், எந்த எழுத்தை மாற்றினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் நிற்கும். முகம் தெரியாத இருவர் ஒரே பக்கத்தை அடுத்தடுத்துப் படிக்க வைப்பதற்காக எழுதிய விதி இது. குழுக்களில் இப்படி ஒரு விதியை வைத்துப் பாருங்கள், மறுநாள் பாதிப்பேர் வெளியேறிவிடுவார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் நூலகம் திட்டம் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்த நெருப்பைக் கண்ட சமூகத்தின் இளைஞர்கள் 2005இல் தொடங்கிய எண்ணிம நூலகம் அது. ஈழத்துத் தமிழ் நூல்கள், இதழ்கள், சிறு பிரசுரங்கள், நினைவு மலர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு நூலக எண் உண்டு. ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்கம் ஆகிய விவரங்களும் கூடவே இருக்கும். உரிமை உள்ளவரிடம் அனுமதி கேட்டுத்தான் ஏற்றுகிறார்கள். நம் தோணிகள் தலைமுறை தலைமுறையாகக் கொழும்புக்குப் போய்வந்த வழியில், நம் கரை மக்களின் வரலாறும் அங்கே கிடக்கிறது. அதைத் தேடுகிற மாணவர் முதலில் போக வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

2013இல் த. சீனிவாசனும் நண்பர்களும் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் வேறு வழியில் போனது. உயிரோடு இருக்கும் எழுத்தாளரிடமே கேட்டு, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அவர் தரச் சம்மதிக்கும் நூலை மட்டும், செல்பேசிக்கும் கிண்டிலுக்கும் ஏற்ற வடிவங்களில் தருகிறார்கள். அனுமதி கேட்டால் யாரும் தரமாட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு அந்தத் தளத்தின் நூல் பட்டியலே விடை.

இனிக் குழுக்களைப் பற்றி. அவற்றைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த ஊர் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஊர்களுக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் வெள்ளத்தால் நகர முடியாமல் நின்றது. இணைப்பு கிடைத்த இடங்களிலெல்லாம், எந்தத் தெருவில் எத்தனை பேர், எந்த வீட்டு மாடியில் கைக்குழந்தை, எங்கே படகு வேண்டும் என்ற பட்டியல்கள் வாட்ஸ்அப்பில்தான் ஓடின. பட்டியலுக்கு முகப்பு ஏடு எங்கே என்று அப்போது யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. அவசரத்துக்கு ஓடுவதற்கு அமைப்புகளுக்குக் கால் கிடையாது.

அன்றாட நாளிலும் குழுக்கள் செய்கிற ஒரு காரியத்தை எந்த அமைப்பாலும் செய்ய முடியாது. அவை வீட்டுக்குள் போகின்றன. எந்த நூலகருக்கும் எந்தப் பேராசிரியருக்கும் தெரியாத படம் ஒரு பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பேரன் அதைப் போட்டோ எடுத்து ஊர்க் குழுவில் போடுகிறான். உடனே திருச்செந்தூரிலிருந்தும் துபாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் பதில் வருகிறது. இடமிருந்து மூன்றாவது எங்கள் தாத்தா, அந்த வத்தைப் படகு இன்னார் வீட்டுடையது, அது பழைய ஜெட்டி. ஒரு மாலைக்குள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு படத்தை அடையாளம் காண்கிறார்கள். இதைச் செய்ய ஓர் ஆய்வாளருக்கு இரண்டு வருடம் ஆகும்.

பிறகு நடப்பதுதான் வருத்தம். அந்தப் பதில்கள் மேலே போய்விடுகின்றன. நல்லிரவு வாழ்த்தும் மீம்ஸும் அவற்றை மூடிவிடும். படம் மட்டும் அடுத்த குழுவுக்குப் போகிறது, பெயர்கள் போவதில்லை. சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குகிறது. எடுத்த நாள், கருவி முதலிய உள்விவரங்களும் அதிலேயே அழிந்துபோகின்றன. பிடிஎஃப் என்றால் அதன் பெயரே டிஓசி என்று தொடங்கி, எட்டு இலக்கத் தேதியோடு, டபிள்யூஏ என்ற குறியும் ஓர் எண்ணுமாக மாறிவிடுவது உண்டு. அந்தத் தேதி நூல் வெளிவந்த தேதி இல்லை, யாரோ ஒருவர் செல்பேசிக்கு அது வந்திறங்கிய தேதி. நாலாவது கைக்குப் போகும்போது, ‘ஆங்கிலேயர் காலத்து முத்துக்குளிப்பு’ என்று யாரோ தலைப்புப் போடுகிறார்கள். படம் உண்மையில் 1950களுடையதாக இருக்கலாம், இலங்கைப் பக்கத்து மன்னார்க் கரையாக இருக்கலாம். பலமுறை பகிரப்பட்டது என்று இரட்டை அம்புக்குறி வரும்போது, அது பல கை கடந்து வந்தது என்பதுதான் தெரியும், எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய போட்டோவின் பின்பக்கத்தில் பென்சிலால் ஊர், ஆண்டு, பெயர் எழுதி வைத்தார்கள் நம் பெரியவர்கள். அந்தப் பின்பக்கத்தை யாரும் படம் எடுப்பதில்லை.

பாட்டுக்கும் இதே கதிதான். ஒரு பெரியவர் அம்பா பாடுகிறார், பக்கத்தில் இருப்பவர் பதிவு செய்து போடுகிறார். ஒரு மாதத்தில் குரல் எல்லா ஊருக்கும் போய்விடுகிறது. பாடியவர் பெயரும் ஊரும் எந்தக் கோப்பிலும் இல்லை. அது அவருக்குச் செய்யும் அநீதி என்றே நான் சொல்வேன். அவரிடம் இன்னும் எத்தனை பாட்டு இருக்கிறது என்று போய்க் கேட்கவும் இனி வழியில்லை.

ஒழுங்கு இருந்தால் மட்டும் போதுமா? போதாது. அதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று. வாட்.சிடி என்று ஓர் இசைப் பகிர்வுக் குழு 2007இல் தொடங்கியது. உள்ளே நுழைய அழைப்பு வேண்டும், அல்லது ஒலிக்கோப்பு வடிவங்கள் பற்றி நேர்காணலில் பதில் சொல்ல வேண்டும். எடுத்த அளவுக்கு ஏற்பத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விகிதக் கணக்கு உண்டு. எந்த ஆண்டுப் பதிப்பு, எந்த நிறுவனத்தின் இசைத்தட்டு என்று பதிவு செய்வதில் அவர்களுடைய கறார் பல வணிகத் தளங்களில்கூடக் கிடையாது. ஆனால் உரிமையாளரின் அனுமதி இல்லை. 2016 நவம்பரில் பிரான்ஸ் அதிகாரிகள் கணினிகளைக் கைப்பற்றினார்கள். நடத்தியவர்கள் தகவல்கள் அனைத்தையும் அழித்துவிட்டதாக அறிவித்து மூடிவிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதிய அட்டவணை ஒரே நாளில் போய்விட்டது. விதியும் உழைப்பும் இருந்தும் காலுக்குக் கீழே நிலம் இல்லை. பாட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அந்த அட்டவணையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

நம் நிலைமை அவ்வளவு நெருக்கடியானது இல்லை. சட்டம் நமக்கு நிறையவே திறந்துவிட்டிருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் காலமான பிறகு 60 ஆண்டு வரை நூலுரிமை வாரிசுகளுக்கு உண்டு, அதற்குப் பிறகு பொதுச்சொத்து. அதோடு தமிழ்நாட்டில் நாட்டுடைமை என்ற நல்ல வழக்கம் வேறு. அதற்கு முன்னோடி நம் மாவட்டத்து எட்டயபுரத்துக்காரர். பாரதியின் எழுத்துரிமையை 1949இல் சென்னை அரசு எடுத்துக்கொண்டு, பின்னர் மக்களுக்கு விட்டது. அந்த நெடிய கதையை ஆ.இரா. வேங்கடாசலபதி தனி நூலாகவே எழுதியிருக்கிறார். ஆகவே ஒழுங்காகவும் சட்டப்படியும் பகிர்வதற்கு நம்மிடம் ஆயிரக்கணக்கான நூல்கள் கிடக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு, உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் புதுப் புத்தகத்தையும், கடைக்கு வந்த அன்றே வார இதழையும் பிடிஎஃப் ஆக்கிப் பரப்புவதைத் தமிழ்ச்சேவை என்று சொல்லிக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது. சில நூறு பிரதிகள் விற்றால் பெரிது என்ற நிலையில் எழுதுபவர்கள் அவர்கள். இந்தக் கரையை ‘கொற்கை’ நாவலில் எழுதி 2013இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற ஜோ டி குரூஸ் போன்ற ஒருவர் அடுத்த தலைமுறையிலும் வர வேண்டுமானால், அவருடைய முதல் புத்தகத்தை நாம் காசு கொடுத்து வாங்கியாக வேண்டும்.

அமைப்புகளின் குறையையும் மறைக்கக் கூடாது. அவை மெதுவாக நகரும். நாலைந்து பேர் தோளில் நிற்கும், அவர்கள் சோர்ந்தால் எல்லாம் நின்றுவிடும். நிறுவனத் தளங்கள் முகவரியை மாற்றும்போது பழைய இணைப்புகள் எல்லாம் செத்துவிடும். விவரங்களை ஆங்கிலத்தில் மட்டும் எழுதி வைத்துவிட்டு, தமிழில் தேடுபவருக்கு எதுவும் அகப்படவில்லையே என்று பிறகு வியப்பார்கள்.

இனி, முத்துக்குளிப்பு நடக்கும் காலமான சலாபத்துக்கு வருகிறேன். இந்தப் பொருளை இந்த ஊரில் பேசுவதற்கு அதுதான் காரணம். தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் நடந்தது 1961இல். அதற்குப் பிறகு தோலாயிரம் பார் முதலிய முத்துச்சிப்பித் திட்டுகள் எதிலும் சலாபம் திறக்கவில்லை. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி க. அழகர்சாமியும் குழுவினரும் இதே ஊரில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். இயற்கை முத்துக்குளிப்பு மட்டும் திரும்பவில்லை. ஆகவே அதைப் பற்றிய அறிவு இனிமேல் கோப்பில்தான் வாழ வேண்டும். அந்த அறிவின் ஒரு பாதி மிகப் பத்திரமாக இருக்கிறது. கடல் உயிரியலாளர் ஹெர்ட்மன் 1903 முதல் 1906 வரை லண்டன் ராயல் சொசைட்டி வழியாக வெளியிட்ட ஐந்து தொகுதி மன்னார் வளைகுடா முத்துச்சிப்பி அறிக்கையையும், அதே துறை அறிஞர் ஹார்னெல் 1914இல் சங்கு பற்றி எழுதியதையும் இன்று வீட்டிலிருந்தே இறக்கிப் படிக்கலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் நிலையான முகவரி உண்டு. கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனமும் தன் பழைய வெளியீடுகளைத் திறந்த களஞ்சியத்தில் வைத்திருக்கிறது. மீன்வளக் கல்லூரி மாணவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

இவையெல்லாம் கரையில் நின்று, படகில் இருந்து எழுதியவை. கல்லில் கால் பதித்துத் தண்ணீருக்குள் போனவர்களின் பாதி எங்கே? அது டிரங்குப் பெட்டிகளிலும், மங்கிய போட்டோக்களிலும், படகுக்காரச் சம்மாட்டி வீட்டுக் கணக்கு நோட்டுகளிலும், ஞாபகத்திலும் இருக்கிறது. அதில் வெளியே வந்த கொஞ்சமும் வாட்ஸ்அப் குழுக்களில் பெயர் இழந்து சுற்றுகிறது. அமைப்பிடம் அதிகாரியின் அறிக்கையும், குழுவிடம் முத்துக்குளித்தவரின் முகமும் இருக்கின்றன. இவை இரண்டும் ஒரே மேசைக்கு இன்னும் வரவில்லை.

வரவைப்பது கடினமான வேலையும் இல்லை. குழுவில் படம் போடும் பேரன், போட்டோவின் இரண்டு பக்கத்தையும் எடுத்து, படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பட்டும். அதனால் தரம் குறையாது. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஊர், ஆண்டு, குடும்பம் மூன்றையும் சேர்த்துவிடட்டும். நாற்பது பேர் சொன்ன பதில்களை, அவை மேலே போய்ச் சேருமுன், ஒருவர் உட்கார்ந்து ஒரே பக்கமாக எழுதிக் கோப்போடு சேர்க்கட்டும். அந்த ஒரு பக்கம்தான் முகப்பு ஏடு. இந்த நகரத்தின் கல்லூரி நூலகங்களில் ஏதாவது ஒன்று அதை வாங்கி, எண் கொடுத்து, இரண்டு இடங்களில் சேமிக்கட்டும்.

ஒன்றை மட்டும் அவசரப்படாமல் செய்ய வேண்டும். எல்லாக் கோப்பையும் எல்லோருக்கும் திறந்துவிடக் கூடாது. தேவாலயப் பங்குப் பதிவேடுகளிலும் கணக்கு நோட்டுகளிலும் கடன், தகராறு, கல்யாணம், பிறப்பு என்று குடும்பங்களின் அந்தரங்கம் இருக்கிறது. குழுவில் விழுந்ததைத் திரும்ப எடுக்க முடியாது. இதை இப்போது காட்டலாம், இதை இத்தனை ஆண்டு பூட்டி வைக்கலாம் என்று தீர்மானித்து, அந்தத் தீர்மானத்தை எழுதி வைக்கும் சக்தி அமைப்புக்கு மட்டுமே உண்டு. எதைத் திறப்பது என்பதை ஆய்வாளர்களும் நூலகர்களும் தாங்களாக முடிவு செய்யாமல், அந்தக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். பேச்சை இந்த ஆண்டே தொடங்குங்கள். 1961 சலாபத்தில் மூழ்கியவர்களில் இன்று நம்மோடு இருக்கும் சிலரும் எண்பதைத் தாண்டியவர்கள்.